பனியில் சுழலும் சக்கரமும் ஏழு மணல் மூட்டைகளும்

அமெரிக்காவின் வடக்கு எல்லையை ஒட்டி, சுப்பீரியர் ஏரிக்கரையில் டுலுத் என்றொரு நகரம் இருக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்தது. ஏரியை ஒட்டி எழும் குன்றின் சரிவிலேயே ஊர் அமைந்திருப்பதால் அங்கே பல தெருக்கள் ஏணியைச் சாய்த்து வைத்தாற்போல மேலே ஏறுகின்றன. ஜனவரி மாத இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி செல்சியசையும் தாண்டி இறங்குவது அங்கே சர்வ சாதாரணம். ஓராண்டில் விழும் வெண்பனியை உருகவிடாமல் அடுக்கி வைத்தால் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் வரும்.

அப்படிப்பட்ட ஒரு காலை நேரத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் தம்முடைய பிக்கப் வண்டியை எடுக்கிறார். முன்னால் இருவரோ மூவரோ உட்காரும் அறை, பின்னால் திறந்த சரக்குத் தட்டு, இதுதான் பிக்கப். தட்டு காலியாக இருக்கிறது. சரிவின் அடிவாரத்தில் வண்டி நின்றுவிடுகிறது. பின் சக்கரங்கள் மட்டும் ‘விர்’ரென்று சுழல்கின்றன. அவர் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துகிறார். சக்கரம் இன்னும் வேகமாகச் சுழல்கிறது. வண்டி ஓர் அங்குலமும் நகரவில்லை.

அவர் இறங்கிப் போய், வீட்டுக் கொட்டகையிலிருந்து நீளமான மணல் மூட்டைகளைத் தூக்கி வந்து, பின் அச்சுக்கு நேர் மேலே தட்டில் அடுக்குகிறார். ஒவ்வொன்றும் 60 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ. ஏழு மூட்டைகள் ஏற்றியதும் மறுபடி கிளப்புகிறார். வண்டி மெல்ல மெல்ல ஏறிவிடுகிறது!

பாரம் கூடினால் வண்டியை இழுப்பது கடினம் என்பதுதானே நாம் அறிந்தது? காலியாக ஏறாத வண்டி, பாரம் ஏற்றியதும் ஏறியது எப்படி?

தரையை உதைக்கும் சக்கரம்

வண்டியை எஞ்சின் தள்ளுகிறது என்கிறோம். உண்மையில் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றத்தான் செய்கிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி தரை சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. நீங்கள் நடக்கும்போது உங்கள் பாதம் செய்வதும் இதுவே. இந்தத் தள்ளல் நடக்க வேண்டுமானால் சக்கரமும் தரையும் ஒன்றையொன்று பற்ற வேண்டும். அந்தப் பற்றுதான் உராய்வு.

பிரெஞ்சு நாட்டு அமாண்டன் 1699-இல் சொன்ன விதி உங்கள் பாடநூலில் இருக்கும். உராய்வு விசை, இரு பரப்புகளையும் சேர்த்து அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அழுத்தம் இரு மடங்கானால் உராய்வும் இரு மடங்கு. இரண்டுக்கும் உள்ள விகிதமே உராய்வுக் குணகம். உலர்ந்த தார்ச்சாலையில் டயருக்கு இது ஏறத்தாழ 0.7. வண்டிகள் ஓடி இறுகிப்போன வெண்பனியில் 0.2-ஐ ஒட்டி வரும். பனிக்கட்டி படிந்த சாலையில் 0.1, சில சமயம் அதற்கும் கீழே.

இனி வண்டியைக் கவனியுங்கள். எஞ்சின், அதை ஒட்டிய பற்சக்கரப் பெட்டி, ஓட்டுநர் எல்லாம் முன்பக்கம். பின்பக்கம் வெறும் தகரத் தட்டு. காலி பிக்கப் ஒன்றின் எடை 2000 கிலோ என்றால், அதில் சுமார் 1200 கிலோ முன் சக்கரங்கள் மேலும் 800 கிலோதான் பின் சக்கரங்கள் மேலும் இருக்கும். ஆனால் பழைய முறைப் பிக்கப்களில் எஞ்சின் சுழற்றுவது பின் சக்கரங்களை மட்டுமே. இது வடிவமைப்பாளர்களின் கவனக் குறைவு அல்ல. தட்டில் சரக்கு ஏற்றினால் அதன் பாரம் பின் சக்கரங்கள் மீதுதான் விழும். அப்போது பற்றும் அங்கேதான் கூடும். ஃபோர்டு கம்பெனி 1925-இல் தன் ‘மாடல் டி’ காரில் சரக்குத் தட்டைப் பொருத்தி விற்றபோதும் பின் சக்கரங்களே வண்டியை ஓட்டின. சுமை தூக்கவே பிறந்த வண்டி அது. சுமை இல்லாமல் ஓட்டும்போதுதான் தொல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விசையை இங்கே ‘கிலோ எடை’ என்ற கணக்கிலேயே வைத்துக்கொள்வோம், எளிதாக இருக்கும். காலி வண்டியில் பின் சக்கரங்களின் மேல் 800 கிலோ. இறுகிய வெண்பனியில் குணகம் 0.2. ஆகவே வண்டிக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தள்ளல் 160 கிலோ. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் உடையதானாலும் இதற்கு மேல் ஒரு கிலோகூடக் கிடைக்காது. மிச்சமெல்லாம் சக்கரத்தை வீணே சுழற்றத்தான் போகும்.

100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சரிவில் 2000 கிலோ வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை, 2000-இல் 100-க்கு 8 வீதம், அதாவது 160 கிலோ. ஆக, இந்த வண்டிக்கு 8 சதவீதச் சரிவுதான் எல்லை. (சரிவில் கொஞ்சம் பாரம் பின்பக்கம் நகரும், சக்கரம் உருள்வதற்கும் சிறிது விசை செலவாகும். இரண்டையும் விட்டுவிட்டேன்.)

இப்போது ஏழு மூட்டை மணல். 189 கிலோ வருகிறது. 200 என்றே வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் அவ்வளவும் பின் சக்கரங்களுக்கே. 800 கிலோ 1000 ஆகிறது. தள்ளல் 160-லிருந்து 200 கிலோவாகிறது, அதாவது 25 சதவீதம் கூடுதல். வண்டியின் மொத்த எடையோ 2000-லிருந்து 2200 ஆகி, 10 சதவீதம் மட்டுமே கூடுகிறது. பற்று கூடும் வேகத்துக்குப் பாரம் கூடவில்லை. நம் புதிரின் விடை இதுதான். 200-ஐ 2200-ஆல் வகுத்தால் புதிய எல்லை 9.1 சதவீதச் சரிவு.

8-லிருந்து 9.1. இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஆம், இவ்வளவுதான்! சரிவின் விளிம்பில் தவிக்கும் வண்டிக்கு அது போதும். ஆனால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? மணல் மலையாகக் குவிந்து, மொத்த எடையில் அநேகமாக எல்லாமே பின் சக்கரங்களில் விழுவதாக வைத்துக்கொண்டாலும் (அதற்கு முன்பே அச்சு முறிந்துவிடும், அது வேறு) எல்லை 20 சதவீதத்தைத் தாண்டாது. ஏனென்றால் குணகம் 0.2. நான்கு சக்கரங்களையும் எஞ்சின் சுழற்றும் வண்டி ஒரு மூட்டையும் இல்லாமலே இந்த 20-ஐ எட்டிவிடுகிறது. இப்போது பனி நாடுகளில் அத்தகைய பிக்கப்களே அதிகம் விற்பதற்கு இது ஒரு காரணம்.

இதே கேள்வி ரயில் எஞ்சின் பிறந்த காலத்தில் பெரிய விவாதமாக இருந்தது. வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் சுழலுமே தவிர நகராது என்று பலர் எண்ணினார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரை ஒட்டிய சுரங்கப் பாதைக்கு 1812-இல் ஜான் பிளென்கின்சாப், பல் வைத்த தண்டவாளத்தையே போட்டுவிட்டார். வைலம் என்ற ஊரின் சுரங்க மேலாளர் வில்லியம் ஹெட்லி மட்டும் சோதித்துப் பார்க்க முனைந்தார். ஒரு சோதனை வண்டி செய்து, அதன் கைப்பிடிகளை ஆட்களைக் கொண்டு சுற்றச் செய்து, வண்டியில் எடைகளைக் கூட்டியும் குறைத்தும், பின்னால் எத்தனை பெட்டிகளை இழுக்கிறது என்று பார்த்தார். போதிய எடை இருந்தால் பல் வேண்டாம் என்பது தெளிவாயிற்று. அதன் பிறகு அவர் செய்த ‘பஃபிங் பில்லி’ எஞ்சின் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் எடைக்கும் எல்லை உண்டு என்று சற்று முன் பார்த்தோம் அல்லவா? 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கிய நம் நீலகிரி மலை ரயிலின் பாதை, 12 மீட்டருக்கு ஏறத்தாழ 1 மீட்டர் உயர்கிறது. மழையில் நனைந்த தண்டவாளத்தில், ஒரு வரிசைப் பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு, எடையை மட்டும் நம்பி அதில் ஏற முடியாது. ஆகவேதான் அங்கே பல் தண்டவாளம்.

மூட்டையை எங்கே வைப்பது?

டுலுத் மனிதர் மூட்டைகளைத் தட்டின் கடைக்கோடியில், பின்கதவை ஒட்டி வைத்திருந்தால்? ஓர் அடி ஸ்கேலை இரண்டு பென்சில்களின் மேல் வைத்து, ஒரு முனை பென்சிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்யுங்கள். நீட்டிய முனையில் ஒரு நாணயத்தை அழுத்தினால் மறு முனை எழும்பப் பார்க்கிறது. வண்டியும் அந்த ஸ்கேல்தான். பென்சில்கள் அதன் இரு அச்சுகள்.

இரு அச்சுகளுக்கும் இடையே 3.3 மீட்டர் என்றும், மூட்டைகள் பின் அச்சுக்கு 1.1 மீட்டர் பின்னால் இருக்கின்றன என்றும் கொள்ளுங்கள். திருப்புத்திறன் கணக்குப் போட்டால், பின் சக்கரங்களின் மேல் 200 அல்ல, 267 கிலோ கூடுகிறது. அந்த 67 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சக்கரங்களிலிருந்து பிடுங்கியதுதான். ஏறுவதற்கு இது இன்னும் நல்லது போலத் தோன்றும். ஆனால் வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள். பனியில் ஏற்கெனவே குறைவாக உள்ள அவற்றின் பற்று மேலும் குறைந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போய்க்கொண்டிருக்கும். தவிர, கடைக்கோடியில் பாரம் உள்ள வண்டி ஒருமுறை வாலை வீசத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். நுனியில் கல் கட்டிய கயிற்றைச் சுழற்றியவர்களுக்கு இது புரியும்.

ஆகவே அனுபவசாலிகள் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலேயோ, அதற்குச் சற்று முன்னாலேயோ வைக்கிறார்கள். சக்கரத்துக்காகத் தட்டின் இரு பக்கமும் மேடாகப் புடைத்திருக்கும் பகுதிகளுக்கு இடையே, மரச் சட்டம் அடித்து அதற்குள் அடுக்குவார்கள். ஏன் அவ்வளவு சிரமம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஏறிய வண்டி நிற்குமா?

இந்தக் கட்டுரையில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

மூட்டை ஏற்றியதும் வண்டி சுலபமாகக் கிளம்புகிறது, சரிவில் ஏறுகிறது. ‘சாலையை நன்றாகப் பிடிக்கிறது’ என்று ஓட்டுநருக்குத் தைரியம் வருகிறது. வேகத்தைக் கூட்டுகிறார். எதிரே ஒரு பள்ளிக்கூடப் பேருந்து நிற்கிறது. பிரேக்கை மிதிக்கிறார். மூட்டைகள் இப்போது உதவுமா?

கிளம்பும்போது தள்ளியவை பின் சக்கரங்கள் மட்டும். பிரேக் பிடிக்கும்போதோ நான்கு சக்கரங்களும் வேலை செய்கின்றன. வண்டியின் முழு எடையும் ஏற்கெனவே பற்றுக்குப் பயன்படுகிறது. மணல் சேர்த்தால் எடை 10 சதவீதம் கூடுகிறது. உராய்வும் 10 சதவீதம் கூடுகிறது. ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே 10 சதவீதம் கூடிவிட்டதே! மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. வண்டி வேகம் குறையும் வீதம், குணகத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வருவது மட்டுமே. அந்தச் சூத்திரத்தில் நிறைக்கு இடமே இல்லை.

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 13.9 மீட்டர். அந்த வேகத்தில் பிரேக் பிடித்தால் உலர்ந்த சாலையில் சுமார் 14 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய வெண்பனியில் 49 மீட்டர். பனிக்கட்டியில் 98 மீட்டர்! காலி வண்டிக்கும் இதுவே, ஏழு மூட்டை ஏற்றிய வண்டிக்கும் இதுவே. நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டிக்கும் ஒரு மீட்டர்கூடக் குறையாது.

இறக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். 8 சதவீத இறக்கம், குணகம் 0.1 உள்ள பனிக்கட்டி. வண்டியை நிறுத்த மிஞ்சுவது 0.02 தான். மணிக்கு 30 கிலோமீட்டரில், அதாவது சைக்கிளை வேகமாக மிதிக்கும் வேகத்தில் வந்தாலும், நிற்க 177 மீட்டர் தேவை. இறக்கம் 10 சதவீதத்தைத் தாண்டினால்? சக்கரங்கள் நான்கும் அசையாமல் நின்றுவிட்டாலும் வண்டி நிற்காது. சறுக்கிக்கொண்டே போகும். மணல் மூட்டையால் சரிவில் ஏறிவிட்டவர், அதே சரிவில் திரும்ப இறங்கவும் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பலகையில் காலித் தீப்பெட்டியை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். எந்த உயரத்தில் பெட்டி சறுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டி நிறைய மணல் நிரப்பி மறுபடி செய்யுங்கள். மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுத்தால், இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரமாக இருக்கக் காண்பீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மணலுக்குப் பாராட்டு உண்டு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்வதால், காலி பிக்கப்பின் பின்பக்கம் மேலும் லேசாகிவிடும். பின் பிரேக்குகளோ முழுச் சுமைக்கு ஏற்றவாறு செய்யப்பட்டவை. எனவே பின் சக்கரங்கள் முதலில் இறுகி நின்று சறுக்கத் தொடங்கும். சறுக்கும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். வண்டியின் வால் முன்னால் வரப் பார்க்கும். பின்பக்கப் பாரம் இதைக் குறைக்கிறது. வண்டி நேராகப் போகும், சீக்கிரம் நிற்காது. இந்தத் தொல்லைக்காகவே ஃபோர்டு 1987-ஆம் ஆண்டு மாடல் பிக்கப்களில் பின் சக்கரங்கள் இறுகாமல் காக்கும் பிரேக் அமைப்பைப் பொருத்தியது. வண்டி திசைமாறிச் சுழலாமல் காக்கும் மின்னணு அமைப்பு, 2012 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கும் பிக்கப்களுக்கும் கட்டாயம்.

பறக்கும் மூட்டை

மரச் சட்டம் எதற்கு என்று சொல்வதாக இருந்தேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலோ மோதி, அதன் முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று கொள்ளுங்கள். வேகத்தின் இருபடியை நின்ற தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 20 மடங்கு. அந்தக் கணத்தில் 27 கிலோ மூட்டை ஒன்றைப் பிடித்து நிறுத்த அரை டன்னுக்கும் மேலான விசை வேண்டும். கட்டாமல் கிடந்தால் அது நிற்காது. ஓட்டுநரின் முதுகுப் பக்கம் நேரே வரும்.

அதனால்தான் கான்கிரீட் கட்டி, இரும்புத் துண்டு, பழைய எஞ்சின் போன்றவற்றைப் பாரமாக ஏற்றுவதை விவரம் தெரிந்தவர்கள் விரும்புவதில்லை. மணல் மூட்டை கிழிந்தால் சிதறிப் போகும், இரும்பு சிதறாது. சிலர் மண்வெட்டியால் வெண்பனியையே வாரித் தட்டில் கொட்டுவதும் உண்டு. காசு செலவில்லாத பாரம்தான். புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கனமீட்டர் 100 கிலோ அளவில்தான் இருக்கும் என்பதால் தட்டு நிறைந்தாலும் எடை அதிகம் வராது. மணலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வண்டி சிக்கிக்கொண்டால் ஒரு மூட்டையைப் பிரித்துச் சக்கரத்தின் முன் தூவலாம். ரயில் எஞ்சின்களும் தண்டவாளத்தில் மணல் தூவுகின்றன. ஆனால் மணல் ஈரமாக இருந்துவிட்டால் மூட்டை முழுதும் உறைந்து பாறையாகிவிடும். அதைப் பிரித்துத் தூவ முடியாது.

பாரத்தால் பனி உருகாதா?

பாரம் கூடினால் அழுத்தத்தால் பனிக்கட்டி உருகி இன்னும் வழுக்குமே என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அழுத்தம் பனிக்கட்டியின் உருகுநிலையைக் குறைப்பது உண்மை. ஆனால் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு அது நூறில் ஒரு பங்கு டிகிரிகூடக் குறையாது. டயர் சாலையை அழுத்துவது அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஒட்டியே, 2 அல்லது 3 வளிமண்டலம். பாரம் கூடினால் டயர் சற்று அகலப் பதியும், அவ்வளவே. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் இருக்கும் பனிக்கட்டியை இது ஒன்றும் செய்யாது.

பின் பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அதன் மேற்பரப்பில், உறைநிலைக்குக் கீழேயும், திரவம் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று ஃபாரடே 1850-இலேயே கருதினார். 1939-இல் பௌடன், ஹ்யூஸ் என்ற இருவர் சறுக்கும் பொருளின் உராய்வு வெப்பமே பனிக்கட்டியை உருக்கி நீர்ப்படலம் உண்டாக்குவதைச் சோதனைகளால் காட்டினர். டுலுத் மனிதர் ஆக்சிலேட்டரை அழுத்தியபோது நடந்தது இப்போது விளங்குகிறதா? சுழன்ற சக்கரம் தன் அடியிலிருந்த பனியைத் தானே உருக்கி, மெருகேற்றிவிட்டது. பனிநாட்டு ஓட்டுநர்கள் முதல் கியருக்குப் பதில் இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளப்புவது அதற்காகத்தான்.

ஏறவும், திரும்பவும், நிற்கவும் மூன்றுக்கும் சேர்ந்து உதவுவது குணகத்தைக் கூட்டும் வழி ஒன்றே. சாதாரண டயரின் ரப்பர் கடுங்குளிரில் விறைத்துப் போகும். குளிர்காலத்துக்கென்று செய்த டயரில் ரப்பர் குளிரிலும் இளகியே இருக்கும். அதன் மேல் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியின் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பற்றும். பின்லாந்தில் இத்தகைய டயரை 1934-இலேயே செய்துவிட்டார்கள். கனடாவின் கியூபெக் மாநிலம் 2008-இல் இதைச் சட்டமாக்கியது. அங்கே இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது. மணல் மூட்டை மலிவு, டயர் விலை அதிகம். அதனால் இரண்டாவதை ஒத்திப்போட்டு முதலாவதோடு சமாளிப்பவர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் எஞ்சினும் முன்னால். எஞ்சின் சுழற்றுவதும் முன் சக்கரங்களையே. 1000 கிலோ கார் ஒன்றில் 600 கிலோ முன் சக்கரங்களின் மேல் இருக்கிறது. அதன் உரிமையாளர், பக்கத்து வீட்டுப் பிக்கப்பைப் பார்த்துவிட்டு, 100 கிலோ மணலைத் தம் காரின் பின் அச்சுக்கு நேர் மேலே ஏற்றுகிறார். குணகம் 0.2. முன்பு எத்தனை சதவீதச் சரிவில் ஏறியது, இப்போது எத்தனையில் ஏறும்? பின் அச்சுக்கும் பின்னால், டிக்கியின் கோடியில் வைத்தால் என்ன ஆகும்?